பிடியரிசியும் பெற்றோர் கழகமும்

(தாயில்பட்டியில் நடைபெற்ற உயர்நிலைப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

‘பள்ளிக்குப் பெற்றோர் செய்ய வேண்டுவன யாவை?’ என்பது எனக்கு இடப்பட்டுள்ள தலைப்பு. இத்தலைப்பைக் கேட்டவுடன், ‘இவ்வாண்டு எவ்வளவு கேட்கப் போகிறார்களோ!’ என்று சிலர் தம் மடியைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். அவ்வச்சம் வேண்டா. நான் தண்டல் செய்ய வந்தவன் அல்லன். பெற்றோர் கழகத்தைப் பணப்பை என்று கருதுவாரும் உளர். ஆண்டு விழாவில் மாலை பெறுவதற்கான இருக்கை என்று கருதுவாரும் உளர். இவ்விரு கருத்தும் தவறு. பள்ளியைத் தன்னுடையது என்று கொண்ட ஓர் ஊரின் கண்ணும் வாயுமே பெற்றோர் கழகம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் மாவட்டத் தலைநகரே போதும்.

பிடியரிசி வளர்த்த பள்ளி

இன்று விருதுநகர் என வழங்கும் ஊர் முன்பு விருதுபட்டி. அங்கே 1889ஆம் ஆண்டில் ஒரு பள்ளி எழுந்தது. அதனை எழுப்பியவர்கள் பெருநிலக்கிழார் அல்லர். கோயிலுக்குள் நுழையும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த ஒரு குமுகத்தார், ‘எம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் பிறரை எதிர்பாரோம்’ என்று துணிந்து எழுப்பிய பள்ளி அது. வணிகர்கள் தம் வாணிகத்தினின்று மகமை கொடுத்தனர். வீட்டுப் பெண்டிர் கொடுத்ததோ பிடியரிசி. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டுவைப்பர். வீடுதோறும் அவ்வரிசியைத் திரட்டி விற்ற பணம் பள்ளிக்குப் போகும்.

அப்பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சத்திரிய வித்தியாசாலை’ என்னும் வடசொற்பெயர். அக்காலத்தில் நம்மவர் பெருமையையும் பிறர் மொழியிலேயே தேடினர். அதனைப் பற்றி இங்கு வழக்காட வேண்டா. பெயர் வடமொழியாயினும் அதனைத் தாங்கிய பிடியரிசி தமிழ்த் தாய்மாரின் கைப்பிடி.

அன்பர்களே, அந்த ஒரு பிடியின் நுணுக்கத்தை எண்ணிப் பாருங்கள். செல்வர் ஒருவர் ஒரேநாளில் பெருந்தொகை கொடுத்திருந்தால் பள்ளி அவருடையதாகியிருக்கும். ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் நாள்தோறும் ஒரு பிடி வந்ததால் அது எல்லாருடையதும் ஆயிற்று. அரிசியைத் தனியே எடுத்து வைத்த தாய், ‘என் மகன் இன்று என்ன படித்தான்? ஆசிரியர் வந்தாரா?’ என்று கேட்கும் உரிமையையும் அக்கலத்திலேயே சேர்த்து வைத்தாள்.

அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவரே பெருந்தலைவர் காமராசர். 1903இல் பிறந்த அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்ப வறுமை அவரை நெடுநாள் பயில விடவில்லை. மாமன் துணிக்கடையில் அமர நேர்ந்தது. பிடியரிசி பள்ளியைத் தாங்கியது. ஆனால் தந்தையற்ற அந்த ஒரு சிறுவனை வகுப்பில் நிறுத்தி வைக்க அதனாலும் இயலவில்லை. இவ்விடத்தை மறவாமல் நெஞ்சில் வையுங்கள். இன்று நான் சொல்ல வந்ததன் கரு இதுவே.

சட்டம் தந்த இருக்கை

படிப்பை இடையில் விட்ட அவரே 1954இல் முதலமைச்சரானார். மூடப்பட்ட பள்ளிகள் திறந்தன. பசியால் பள்ளிக்கு வாராத பிள்ளைகளை 1956இல் நண்பகல் உணவு வகுப்பிற்கு அழைத்து வந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தாமே முன்வந்து பள்ளிகளுக்குக் கட்டடமும் நிலமும் பலகையும் சீருடையும் வழங்கினர். விருதுநகர்ப் பிடியரிசியே நாடெங்கும் பரவியது எனலாம். 1964இல் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் தோன்றியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்னும் ஒன்றை வகுத்து, அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியளவினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றது. தமிழக அரசு அக்குழுக்களை 2022இலும் 2024இலும் புதிதாக அமைத்தது.

ஆகவே, இன்று உங்களுக்கு இருக்கை இல்லாமல் இல்லை. சட்டமே இருக்கை இட்டுள்ளது. பிடியரிசி தந்த தாய்க்குச் சட்டம் ஏதும் இருக்கை தரவில்லை. ஆயினும் அவள் கேட்டாள். இன்றைய தாய்க்குச் சட்டம் இருக்கை தந்துள்ளது. ஆனால் அவள் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து போகிறாள். ‘படித்தவர்கள் பேசட்டும், நமக்கென்ன தெரியும்?’ என்கிறாள். தன் பிள்ளை எத்தனை மணிக்கு உறங்குகிறான், எந்தப் பாடத்தைக் கண்டால் முகம் வாடுகிறான், எந்த நாளில் பள்ளிக்குப் போகாமல் நழுவுகிறான் என்பன தலைமையாசிரியர்க்குத் தெரியுமா? அவற்றை அறிந்தவள் தாய் ஒருத்தியே. பள்ளிக்கு வேண்டிய கல்வியறிவில் பாதி உங்களிடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்வேன். ஆசிரியர் இல்லாத பாடத்திற்குப் பெற்றோர் கழகமே குறைந்த ஊதியத்தில் ஒருவரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் பலவிடத்தும் உள்ளது. பிள்ளையின் படிப்பு ஓராண்டு வீணாகாமற் காக்க அது வேண்டுவதே. ஆயின், அதுவே நிலையான ஏற்பாடாகிவிடக் கூடாது. அரசு தரவேண்டிய ஆசிரியரை அரசிடம் கேட்டுப் பெறுவதே கழகத்தின் கடமை. கூட்டத்தில் தீர்மானம் எழுதி, பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்டு, மாவட்டக் கல்வி அலுவலர்க்கு விடுத்து, மறுமொழி வரும்வரை திங்கள்தோறும் நினைவூட்டுங்கள். கேட்பதற்கு நாணுவார் பிள்ளைகளுக்குக் கிடைப்பது எஞ்சியதே.

வெடியும் வகுப்பும்

இனித் தாயில்பட்டிக்கு வருவோம். மழை பொய்க்கும் கரிசல் மண் இது. 1922இல் சிவகாசியினின்று அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னரே இவ்வட்டாரத்தில் பல வீட்டு அடுப்புகள் இடையறாது எரியலாயின. தீப்பெட்டியைத் தொடர்ந்து வெடித்தொழிலும் வளர்ந்தது. தீபாவளி நம் விழாவா, வந்தேறிய விழாவா என்னும் வழக்கை நான் வேறு மேடைகளில் பேசுவேன். இங்குப் பேசேன், உங்கள் உலைநீர் அத்தொழிலால் கொதிக்கிறது. உழைப்பை இகழ்வது தமிழன்று.

எனினும், அத்தொழில் நம் பிள்ளைகளிடம் வாங்கிய விலையையும் மறைக்கலாகாது. ஒரு காலத்தில் விடியுமுன் பேருந்துகள் ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிஞ்சு விரல்களே ஏற்றவை என்றனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர்க்கான சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 திசம்பர் 10ஆம் நாள் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது: இடர்மிகு தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 உருபா கட்டவேண்டும், அப்பொருள் அக்குழந்தையின் நலத்திற்கே செலவாக வேண்டும். இன்று ஆலை வாயிலில் குழந்தைகளின் வரிசை இல்லை. இது பெரும் வெற்றி.

ஆயினும், ஆலையினின்று விலகிய வேலை வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாதன்றோ? கருந்திரி சுற்றுவதும் குழாய் உருட்டுவதும் யாருடைய வீட்டுத் திண்ணையில் நடக்கின்றன என்று இங்குக் கேட்கமாட்டேன். விடை உங்களுக்கே தெரியும். 2012 செப்தம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதே ஆண்டு சூன் திங்களில் இதே தாயில்பட்டியில், ஒரு வீட்டிலேயே வெடி வெடித்துச் சிறுவன் ஒருவன் உட்படச் சிலர் இறந்தனர். ஆலைக்கு அரசின் ஆய்வாளர் வருவார். வீட்டுத் திண்ணைக்கு எந்த ஆய்வாளர் வருவார்? அங்கே ஆய்வாளர் நீங்களே.

விழாவிற்கு முந்திய திங்கள்களில் வகுப்பறையில் சில இருக்கைகள் வெறுமையாகின்றன. ‘காய்ச்சல்’ என்று கடிதம் வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை பதினைந்து நாள் வாராமலிருந்தால் அவன் இழப்பது பதினைந்து நாட்பாடம் மட்டுமன்று. திரும்பி வரும்போது வகுப்பு அவனைவிட்டு முன்னே சென்றிருக்கும், எட்டிப்பிடிக்க நாணுவான், கையில் கூலி புழங்கிய சுவையும் இருக்கும். அவ்வளவில் அவன் பள்ளி முடிந்தது. காமராசரைத் துணிக்கடையில் அமர்த்திய அதே வறுமைதான் இவனையும் கருந்திரியில் அமர்த்துகிறது. நூறாண்டுக்கு முன் ஊரால் தடுக்க இயலாததை இன்று தடுக்க இயலும். நண்பகல் உணவு உண்டு. பொத்தகமும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கின்றன. குறையாக இருப்பது, ‘பிள்ளை இன்று ஏன் வரவில்லை?’ என்று அன்றைக்கே வந்து கேட்கும் ஒரு குரல்.

கூலி போகும் வழி

அடுத்தது மொழி. இதனை நான் சொல்லாமற் போனால் தமிழாசிரியன் என்னும் பெயர்க்கு நான் உரியன் அல்லன்.

தாய் வெடிமருந்தில் கைவைத்து ஈட்டும் கூலி எங்கே போகிறது? சாயம் பூசிய ஊர்தி ஒன்று காலையில் தெருவிற்கு வருகிறது. கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளை ஏறிச் செல்கிறது. கூலியில் பெரும்பங்கு ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணமாகப் போகிறது. 2012க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தமிழ்நாட்டில் தமிழ்வழி வகுப்பு, கேட்பாரற்ற பிள்ளைகளின் வகுப்பு என்று தாழ்ந்து வருகிறது.

‘ஐயா, ஆங்கிலம் படிக்காவிட்டால் என் பிள்ளையும் என்னைப்போல இந்த மருந்திலேதானே கிடக்க வேண்டும்?’ என்று ஒரு தாய் கேட்கிறாள். அவள் கேள்வியில் அறியாமை இல்லை, துயரம் இருக்கிறது. அதற்குக் கோவப்படாமல் விடை சொல்ல வேண்டியது நம் கடன்.

அம்மா, உன் பிள்ளை ஆங்கிலம் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். அதற்கு நல்ல ஆங்கில ஆசிரியரைக் கழகத்தின் வாயிலாகக் கேள். ஆயின், ஆங்கிலத்தைக் கற்பது வேறு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பது வேறு. கண்ணாடி அணிவது பார்வைக்கு உதவும். கண்ணையே எடுத்துவிட்டுக் கண்ணாடி அணிவார் உண்டோ?

இவ்வூரில் வேதியியல் மதிப்பெண்ணுக்கான பாடம் மட்டுமன்று. உயிர் காக்கும் பாடம். வெடியுப்பு முக்கால் பங்கு, எஞ்சிய கால் பங்கில் கரியும் கந்தகமும் என்பது பழைய கருமருந்தின் கலவை. வெடியுப்பு எரிதலுக்கு வேண்டிய உயிர்வளியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவேதான் மூடிய குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது. சில கலவைகளுக்கு ஓர் உராய்வே தீப்பொறி. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால் உள்ளே வெப்பம் திரளக்கூடும். இவற்றைப் பொருளறியா ஆங்கில வரிகளாக நெட்டுருப் போட்ட பிள்ளை தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவான். தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளையோ, இரவு உணவின்போது, ‘அம்மா, மருந்துப் பெட்டியைத் தரையில் இழுக்காதே, தூக்கி வை. ஈரம் பட்டதை மூடி வைக்காதே’ என்று சொல்வான். பள்ளியில் கற்றதை வீட்டில் சொல்ல முடிகிற மொழியே கல்விமொழி. பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே சுவரெழுப்பும் மொழி எவ்வளவு பளபளத்தாலும் அது கல்விமொழி ஆகாது.

உலகியல் பயனும் கேட்பீர்கள், சொல்கிறேன். தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டபின், இடையில் மட்டும் தமிழில் படித்தவர்க்கு அவ்வொதுக்கீடு இல்லை. பள்ளிப் படிப்பு முழுமையும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும். முதல் வகுப்பில் நீங்கள் எடுக்கும் முடிவு இருபது ஆண்டுக்குப் பின் பிள்ளையின் பணியைத் தீர்மானிக்கிறது என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் முதலான படிப்புகளில் 2021 முதலும் நூற்றுக்கு ஏழரை இடம் தனியே உண்டு. அவ்வாறு பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் திங்கள்தோறும் 1,000 உருபா கிடைக்கிறது. ஊர்தியில் வருகிறவர் இவற்றை உங்களிடம் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியது கழகம்.

அரசையும் ஒன்று கேட்பேன். பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022இல் தொடங்கிய திட்டத்திற்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று பெயரிட்டனர். நோக்கம் நன்று, அதனை வாழ்த்துகிறேன். ஆனால், ‘பள்ளி’ என்னும் மூவெழுத்துச் சொல் பக்கத்திலேயே நிற்க, ‘ஸ்கூல்’ எதற்கு? ஊரார் பெயரால் நடக்கும் பணிக்கு ஊரார் மொழியிலேயே பெயர் வேண்டும் என்று கேட்பதும் பெற்றோர் கழகத்தின் உரிமையே.

ஐந்து பணிகள்

பேச்சோடு கலைந்துவிடாமல் ஐந்து பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: வருகைக் காவல். தெருவுக்கு இருவராகப் பெற்றோரைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை இருநாள் வாராவிடின் மூன்றாம் நாள் மாலை அவ்வீட்டு வாயிலில் அவர்கள் நிற்கட்டும். கடிந்து பேசற்க. கரணியத்தை அறிந்து, தீர்க்க வழி காண்க.

இரண்டு: மாலைப் படிப்பகம். தாயும் தந்தையும் ஆலையினின்று திரும்பும்வரை ஆளில்லா வீட்டிற்குப் பிள்ளை ஏன் போகவேண்டும்? பள்ளியில் ஓர் அறை, ஒரு விளக்கு, கண்காணிக்க ஒருவர் போதும். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் முன்னாள் மாணவியர் இவ்வூரில் இல்லையா?

மூன்று: திறந்த கணக்கு. கழகத்திற்கு வரும் ஒவ்வோர் உருபாவிற்கும் பற்றுச்சீட்டு வேண்டும். வரவும் செலவும் கூட்டந்தோறும் தமிழில் உரக்கப் படிக்கப்பெற வேண்டும். கொடுக்க இயலாதவர் பிள்ளையிடம் எவரும் எதுவும் கேட்கலாகாது. ஐயம் நுழைந்த இடத்தில் பிடியரிசி நின்றுவிடும்.

நான்கு: தமிழ்வழிச் சேர்க்கை. சேர்க்கைக் காலத்திற்கு முன்பே வீடு வீடாகச் சென்று, நான் மேலே சொன்ன உரிமைகளை எடுத்துரையுங்கள். ஆசிரியர் சொன்னால் ‘தம் வேலையைக் காக்கச் சொல்கிறார்’ என்பர். பக்கத்து வீட்டுத் தாய் சொன்னால் நம்புவர்.

ஐந்து: பள்ளி விழாக்கள். திரைப்பாட்டிற்குப் பிள்ளைகளை ஆடவிட்டு நாம் கைதட்டியது போதும். அண்மையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. வைப்பாற்றங்கரை மண்ணுக்குள்ளிருந்து சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் பொன்னணியும் வெளிவந்தன. பெற்றோரே பொறுப்பேற்றுப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். ‘உன் முன்னோர் கைவினைஞர், உலகோடு வாணிகம் செய்தவர்’ என்று காட்டுங்கள். ஆண்டு விழாவில் அதையே அவர்கள் நாடகமாக நடிக்கட்டும்.

பிடிப்பொழுது

புறநானூற்றில் பொன்முடியார் என்னும் பெண்பாற்புலவர், ஒரு பிள்ளையை ஆளாக்கும் கடமையைப் பகுத்துச் சொல்கிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. பிள்ளை வளர்ப்பு ஒரு வீட்டின் வேலை அன்று. ஊரின் வேலை என்பது ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம் கொள்கை.

தனித்தமிழுக்கு அரணாய் நின்ற மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902இல் இங்கிருந்து நெடுந்தொலைவில்லாத சங்கரன்கோவிலில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். தமக்கையார் ஆம்பூரில் எடுத்து வளர்த்தார். பிறர் பொருளுதவி செய்து படிக்க வைத்தனர். பெற்றோரில்லாப் பிள்ளைக்குப் பிறர் பெற்றோரானதால், நம் மாவட்டத்து இராசபாளையத்தை அடுத்த முறம்பில் ஓர் இளம் ஆசிரியர் கிடைத்தார். பின்னர்த் தமிழுக்கு ஒரு பாவாணர் கிடைத்தார். அன்று அவர்கள், ‘நம் பிள்ளையா?’ என்று எண்ணியிருந்தால், தமிழ்ச் சொல்லின் வேரை நமக்கு யார் காட்டியிருப்பார்?

ஆதலால், உங்கள் பிள்ளைக்கு மட்டும் பெற்றோராக இராதீர்கள். அரிசிப் பிடி கேட்கும் காலம் போயிற்று. நான் கேட்பது பிடிப்பொழுது. கிழமைக்கு ஒரு மணி நேரத்தை உலையரிசிபோல் தனியே எடுத்து வையுங்கள். நூறு வீடு வைத்தால் பள்ளிக்குக் கிழமைக்கு நூறு மணி நேரம் சேரும். அந்நூறு மணியில் வருகைக் காவலும் நடக்கும், படிப்பகமும் நடக்கும், கணக்கும் நேராகும், தமிழும் தழைக்கும். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது தெருவுக்கு இருவர் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். அதுவே இவ்வுரைக்கு நீங்கள் தரும் கைம்மாறு.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!